பதினெட்டாவது ஆள்

கலால் பிரிவுக்கு மாறுதல் ஆணை வந்ததற்காக யாரும் இனிப்பு வாங்கிக் கொடுத்து நான் பார்த்ததில்லை. உங்கள் வீட்டிலும் "சாராயத் தாசில்தாரா?" என்று யாராவது கேலி செய்திருப்பார்கள். என் மாமியார் வீட்டில் நான் ஓய்வு பெறும்வரை எனக்கு அதுதான் பெயர். பழகிவிடும்.

லைசென்ஸ் எப்படிப் புதுப்பிப்பது, மாத அறிக்கையில் எந்தக் கட்டத்தை எப்படி நிரப்புவது என்பதையெல்லாம் உங்கள் கண்காணிப்பாளர் என்னைவிட நன்றாகச் சொல்லித் தருவார். நான் சொல்ல வந்தது ஒரு கோடைக்காலத்தைப் பற்றி. வேலூரிலும் ஆம்பூரிலுமாக இந்தப் பிரிவில் நான் இருந்த வருடங்களில் அந்த ஒன்றுதான் இன்னும் என்னைவிட்டுப் போகவில்லை. அதில் நான் செய்த தவறுகள் உண்டு, சரியாகச் செய்தவையும் உண்டு. சரியாகச் செய்தவற்றுக்குத்தான் எனக்குக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்தது. தவறுகளை யாரும் கேட்கவே இல்லை. அதனால்தான் நானே சொல்கிறேன்.

முதலில் கோவிந்தன்.

ஒரு நாள் மதியம், சாப்பாட்டு நேரம் முடிந்து கோப்புகளைப் பிரித்துக்கொண்டிருந்தபோது அவர் வந்து நின்றார். நாற்பத்தைந்து வயது இருக்கும். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. கைகள் மட்டும் மணிக்கட்டுவரை பழுப்பேறிக் கிடந்தன. பட்டைத் தண்ணீரில் தோல் ஊறவைக்கும் டேனரியில் பல வருடம் நின்றவர்களுக்கு அந்தக் கறை எளிதில் போகாது.

"மேடம், ஒரு லைசென்ஸ் வேணும்."

"எதுக்கு?"

"சாராயம் காய்ச்சறதுக்கு."

அறையில் இருந்த இரண்டு கிளார்க்குகளும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்கள்.

"விளையாடறீங்களா?"

"இல்ல மேடம். வரி கட்டறேன். இன்னா வரியோ சொல்லுங்க, கட்டிடறேன். நம்ம சரக்கு சுத்தமான சரக்கு. வெல்லம், வேலம்பட்டை, தண்ணி, அவ்ளோதான். எட்டு நாள் ஊறணும். ஏழாவது நாளு எவன் வந்து அவசரம்னு நின்னாலும் எடுக்க மாட்டேன். எங்க ஊர்ல பத்து பதினஞ்சு பேருக்கு மேல குடுக்கறதும் இல்ல. போலீஸ் வந்தா ஓடணும், அது ஒண்ணுதான் பேஜார். அதான் சட்டப்படி பண்ணிடலாம்னு வந்தேன்."

பெரிய மதுபான ஆலைக்கு லைசென்ஸ் உண்டு. பீர் ஆலைக்கு உண்டு. தோலுக்கு மெருகேற்ற மெத்தனால் வாங்கி வைத்துக்கொள்ள உண்டு, நட்சத்திர ஓட்டல் பாருக்கும் உண்டு. பதினைந்து பேருக்குக் காய்ச்சுகிறவருக்கு எங்கள் அலமாரியில் ஒரு படிவமும் இல்லை. அதைத்தான் சொன்னேன்.

"பெங்களூர்ல சின்னச் சின்ன கடையில அவங்களே பீர் காய்ச்சி அங்கேயே விக்கறாங்களாமே மேடம். என் தோஸ்த் ஒருத்தன் ஷூ கம்பெனி வேலையா போய்ட்டு வந்து சொன்னான். கண்ணாடி வழியா அண்டாவே தெரியுமாம்."

"அது வேற மாநிலம். சட்டம் வேற. அதுக்குக் கட்டற கட்டணத்துல நீங்க உங்க ஊரையே வாங்கலாம்."

அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். "அப்போ நம்மள மாதிரி ஆளுக்குத் தப்பா பண்றதுக்கு மட்டும்தான் வழி. அப்படித்தானே மேடம்?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான், "நீங்க இப்ப பேசினது எதையும் நான் கேக்கல. போய்ட்டு வாங்க," என்றேன். கும்பிட்டுவிட்டுப் போனார். வரி கட்டுகிறேன் என்று வந்த முதல் சாராயக்காரன் என்று சொல்லி அலுவலகத்தில் ஒரு வாரம் சிரித்தோம்.

அப்போதே மதுவிலக்குப் போலீசுக்குத் தகவல் கொடுத்திருக்க வேண்டும். அல்லது அவர் கேட்டதை ஒரு பக்கமாவது எழுதி மேலே அனுப்பியிருக்க வேண்டும், யாரும் படிக்காவிட்டாலும். இரண்டையும் செய்யாமல் இரக்கப்பட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். அது இரக்கம் இல்லை. ஒரு வேலையைத் தட்டிக் கழித்தேன், அவ்வளவுதான்.

அதற்கு அடுத்த வருடம் மதுவுக்கான வரி உயர்ந்தது. கடைகளில் விலைப் பலகையின் மேல் புதுத் தாளை ஒட்டினார்கள். வரி உயர்ந்தால் ஒரு வாரம் விற்பனை குறையும், மறுவாரம் பழையபடி ஏறிவிடும். எல்லா வருடமும் அப்படித்தான். அந்த முறை பேரணாம்பட்டுப் பக்கம் ஒரு கிராமத்துக் கடையில் மட்டும் ஏறவே இல்லை. ஊரின் பெயர் வேண்டாம். டேனரிக்குக் கூலிக்குப் போகிற ஆண்கள், ஷூ கம்பெனிக்குப் போகிற பெண்கள், வீட்டுக்கு வீடு பீடி சுற்றுகிறவர்கள், இவர்கள்தான் ஊர். ஒரு குவார்ட்டர் வாங்கினால் அன்றைய கூலியில் மிச்சம் கையில் நிற்காது என்ற நிலைமை வந்திருந்தது.

கடை சூப்பர்வைசரிடம் கேட்டேன். "ஜனங்க திருந்திட்டாங்க போல மேடம்," என்றார். எனக்கும் அதை நம்பப் பிடித்திருந்தது. விலை உயர்வால் குடிப்பழக்கம் குறைந்துள்ளது என்று மாத அறிக்கையில் ஒரு பத்தி எழுதினேன். மேலதிகாரி கூட்டத்தில் அதை வாசித்துக் காட்டிப் பாராட்டினார்.

கண்ணெதிரே இருந்த ஒன்றை நான் பார்க்கவில்லை. அந்தக் கடை வாசலில் வருடக்கணக்காகச் சுண்டல் விற்றுக்கொண்டிருந்த பெண் அங்கே இல்லை. ஊரின் மறுகோடியில், பாறைகளுக்குப் போகிற பாதையில் புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். ஜீப்பில் போகும்போது அவளைப் பார்த்தேன். கையசைத்தாள், நானும் அசைத்தேன். குடிக்கிறவர்கள் எங்கே போகிறார்களோ அங்கேதான் சுண்டல் கூடையும் போகும். அது எனக்கு உறைக்கவில்லை.

இனி அந்தக் காலையைச் சொல்கிறேன்.

சித்திரை மாதம். மணி ஒன்பதரைதான், அதற்குள் ஜீப்பின் கதவைத் தொட முடியவில்லை. கடையின் இருப்பைச் சரிபார்க்கப் போய்க்கொண்டிருந்தேன். ஊர் முகப்பில் பஸ் நிழற்குடைக்கு வெளியே, வெட்ட வெயிலில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார். பெயர் ஏழுமலை என்று பிறகு தெரிந்தது. கடை சூப்பர்வைசர் வந்துவிட்டாரா என்று அவரிடம் கேட்க வண்டியை நிறுத்தச் சொன்னேன்.

அவர் முகத்தை என் குரல் வந்த பக்கம் திருப்பினார். கண்கள் என் தோளுக்குப் பின்னால் எங்கேயோ நின்றன.

"இன்னாம்மா, சித்திரையில இவ்ளோ பனியா?" என்றார்.

குடித்திருக்கிறார் என்று நினைத்துச் சிரித்துவிட்டேன்.

தெருவுக்குள் நுழைந்தோம். மூன்றாவது வீட்டு வாசலில் ஒருவர் சுவரைக் கையால் தடவிக்கொண்டே நடந்தார். உள்ளிருந்து மனைவி சத்தம் போட்டாள், "இன்னாய்யா தேடற?" அவர், "சுவருக்கு எப்ப வெள்ளை அடிச்சீங்க? வாசப்படிக்கூட தெரியல," என்றார். அந்தச் சுவர் செம்மண் நிறத்தில் இருந்தது.

அதற்கு அப்பால் ஒரு கட்டில். அதில் ஒரு கிழவர் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு படுத்திருந்தார். கொளுத்துகிற வெயிலில் போர்வை. "பனி விடட்டும், எழுந்துக்கறேன்," என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்.

மூன்று பேரும் ஒன்றாக இல்லை, ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளவும் இல்லை. மூவருக்கும் அந்தத் தெருவில் பனி இறங்கியிருந்தது. எனக்கு மட்டும் வெயில். நான் பார்ப்பதுதான் தப்போ என்று ஒரு நிமிடம் வானத்தை நிமிர்ந்து பார்த்தேன். உண்மையாகவே பார்த்தேன். மேகம்கூட இல்லை.

தாலுக்கா ஆஸ்பத்திரியில் ஜெயசீலி என்று ஒரு ஸ்டாஃப் நர்ஸ். ஒரு முகாமில் பழக்கம். அவருக்குப் போன் செய்து, ஒருவர் பனி என்கிறார், ஒருவர் வெள்ளை என்கிறார் என்று சொல்ல ஆரம்பித்தேன். அவர் முடிக்க விடவில்லை.

"பனின்னு சொன்னாரா? அதே வார்த்தையா?"

"ஆமா சிஸ்டர்."

"மேடம், அவங்க குடிச்சது மெத்தனால். வயித்து வலி, வாந்தி எல்லாம் கூடவே வரும், ஆனா கண்ணுதான் முதல்ல சொல்லும். ஒருத்தரையும் வீட்டுல படுக்க விடாதீங்க, தூங்கினா எழுந்திரிக்க மாட்டாங்க. இன்னொண்ணு, இப்ப நல்லா இருக்கறவங்களையும் கூட்டிட்டு வாங்க. அது அரை நாள், ஒரு நாள் கழிச்சுத்தான் வேலையைக் காட்டும். யார் யார் குடிச்சாங்கன்னு முதல்ல கண்டுபிடிங்க."

அடுத்து மதுவிலக்கு இன்ஸ்பெக்டருக்குப் பேசினேன். முக்கால் மணி நேரத்தில் வந்துவிடுவோம், அதுவரை ஊரைவிட்டு யாரும் வெளியேறாமல் பாருங்கள் என்றார். விதிப்படி அதுதான் சரி. ஆனால் போலீஸ் வண்டி தெருவுக்குள் நுழைந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். குடித்த ஒவ்வொருவரும் பின்வாசல் வழியாகப் பாறைப் பக்கம் ஓடுவார்கள். கண் தெரியாமல் ஓடுவார்கள்.

"சார், கிளை ரோட்டிலேயே நில்லுங்க. நான் கூப்பிடற வரைக்கும் உள்ள வராதீங்க," என்றேன்.

"எழுத்துல குடுப்பீங்களா?"

"குடுக்கறேன்."

கொடுத்தேன். அந்தத் தாள்தான் பிறகு என் குறிப்பாணையில் முதல் இணைப்பு.

யார் காய்ச்சுகிறார்கள் என்று சுண்டல்காரப் பெண்ணிடம் கேட்டேன். அவள் யோசிக்கவே இல்லை, பாறைப் பாதையைக் காட்டினாள். ஜீப் அதன் முனைவரைதான் போகும். இறங்கி நடந்தேன். ஓடு வேய்ந்த ஒற்றை வீடு. வாசலில் சூரியனுக்கு நேரே முகத்தைக் காட்டியபடி, கண்ணைக்கூடச் சுருக்காமல் கோவிந்தன் உட்கார்ந்திருந்தார். அதே வெள்ளைச் சட்டை. வருடம் ஒன்றாகியும் என் குரல் அவருக்குத் தெரிந்தது.

"தாசில்தாரம்மாவா? வாங்க. பார்த்து வாங்க, வழியெல்லாம் ஒரே பனி."

"கோவிந்தன், சரக்குல இன்னா கலந்தீங்க?"

அவர் மறைக்கவில்லை. விலை ஏறியதும் கடைக்குப் போகிறவர்கள் எல்லாம் இவரிடம் வரத் தொடங்கியிருக்கிறார்கள். பதினைந்து பேர் முப்பது பேரானார்கள். ஊறலுக்கு எட்டு நாள் வேண்டும், வந்து நிற்கிறவனுக்கு எட்டு நிமிடம் பொறுக்காது. இல்லை என்று இரண்டு வாரம் திருப்பி அனுப்பினார். வாசலில் சண்டை வந்தது. காட்டிக் கொடுத்துவிடுவோம் என்றார்கள். முந்தின நாள் ஒருவன் கேனில் ஸ்பிரிட் கொண்டுவந்தான். பெரிய கம்பெனி சரக்கு, இதில் இரண்டு பங்கு தண்ணீர் விட்டால் போதும் என்றான்.

"குடிச்சுப் பார்க்காம நான் எதையும் யாருக்கும் குடுத்ததில்ல மேடம். நேத்து மதியம் முதல்ல நான்தான் குடிச்சேன். ஒண்ணும் பண்ணல. சாயந்திரம் வரைக்கும் நல்லாத்தான் இருந்தேன். அதனாலதான் குடுத்தேன்."

அந்த மனிதர் வேலையில் ஒழுங்கு பார்க்காதவராக இருந்திருந்தால் அன்று கண்ணோடு இருந்திருப்பார்.

"யாருக்கெல்லாம் குடுத்தீங்க? பேர் சொல்லுங்க."

"கேஸ் போடுவீங்க."

"குடிச்சவங்க மேல கேஸ் இல்ல. இது என் வார்த்தை."

"எனக்கு?"

"உங்களுக்கு உண்டு," என்றேன். அங்கே பொய் சொல்லியிருக்கலாம். எளிதாக இருந்திருக்கும். ஆனால் அந்த நேரத்தில் அவர் என்னை நம்பியாக வேண்டும், அதற்கு அவருக்குக் கெடுதலானதையும் மறைக்காமல் சொல்வதுதான் வழி என்று தோன்றியது. பனிக்குள்ளிருந்து என்னைத் தேடிப் பார்ப்பதுபோல் முகத்தைத் தூக்கினார். பிறகு விரல்விட்டுச் சொல்லத் தொடங்கினார். அந்த ஆள் எதையும் எழுதி வைப்பதில்லை, எல்லாம் மனப்பாடம். பெயர், அப்பா பெயர், எந்தத் தெரு, நேற்றா இன்று காலையா என்று நான் டைரியில் எழுதிக்கொண்டே போனேன். தன்னையும் சேர்த்துப் பதினாறு வந்ததும் நிறுத்தினார்.

"அப்புறம் ஒருத்தர். சொல்லலாமான்னு தெரியல மேடம்."

"சொல்லுங்க."

"உங்க வண்டி ஓட்டறவரு. நேத்து சாயந்திரம் வந்துட்டுப் போனாரு."

திரும்பிப் பார்த்தேன். பாதை முனையில் ஜீப் நின்றது. என் டிரைவர் செல்வராஜ் முன்கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்துவிட்டுச் சற்றுப் பின்னால் நகர்ந்து பார்ப்பார், மறுபடி வந்து துடைப்பார். கண்ணாடி வெயிலில் பளபளத்தது. அவர் நிறுத்தவே இல்லை.

அவர் ஓட்டிய வண்டியில்தான் அன்று காலை ஆம்பூரிலிருந்து வந்திருக்கிறேன், நெடுஞ்சாலையில், லாரிகளுக்கு நடுவே. ஒன்பது வருடம் அவர் என்னுடன் இருந்தார், குடிப்பார் என்பதே எனக்குத் தெரியாது. அரசுச் சம்பளம் வாங்குகிறவர்கூட இங்கே வருகிற அளவுக்கு விலை போயிருக்கிறது என்பதும் தெரியாது.

கிட்டப் போய், "செல்வராஜ், சாவியைக் குடுங்க," என்றேன். எதுவும் கேட்காமல் கொடுத்தார். "மேடம், வீட்டுல சொல்லிடாதீங்க," என்றார். அவரையும் கோவிந்தனையும் ஏற்றிக்கொண்டு ஜீப்பை நானே ஊர் முகப்புக்கு ஓட்டிவந்தேன்.

ஆம்புலன்ஸ் ஒன்றுதான் வந்துகொண்டிருந்தது. அதற்குள் இரண்டாம் ஷிப்ட் பெண்களை ஏற்றிப்போகும் ஷூ கம்பெனி பஸ் ஊர் முகப்பில் ஆரன் அடித்தது. குறுக்கே போய் நின்றேன். பஸ்ஸில் ஏறி, நடந்ததை மறைக்காமல் சொல்லிவிட்டு, டைரியிலிருந்த பெயர்களைச் சத்தமாக வாசித்தேன். எந்தப் பெயருக்கு யார் எழுந்தார்கள் என்று பார்த்தாலே உறவு தெரிந்துவிட்டது. அத்தனை பெண்களும் இறங்கித் தெருத் தெருவாக ஓடினார்கள். "போலீஸ் வரல, ஆஸ்பத்திரி பஸ்ஸு வந்திருக்குது, வெளிய வாங்கய்யா!" என்று அவர்கள் போட்ட சத்தத்துக்கு வந்த ஆண்கள், என் குரலுக்கு வந்திருக்க மாட்டார்கள்.

அன்று காலைதான் குடித்த இளைஞன் ஒருவன் ஏற மறுத்தான். "எனக்கு ஒண்ணும் இல்லக்கா, நல்லாத்தான் கீறேன். எல்லாம் பளிச்சுனு தெரியுது." அவனுடைய அக்கா ஓங்கி ஓர் அறை விட்டாள். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஏறினான். அவனுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள்.

பஸ் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு கிளம்பிப் போனதுமே ஜெயசீலி எனக்கு மறுபடி போன் செய்தார். "மேடம், டாக்டர் பிராந்தி கேக்கறாரு."

"பிராந்தியா?"

"மாத்து மருந்து இங்க ஸ்டாக் இல்ல. நல்ல சாராயம் உள்ள போனா, கெட்டது விஷமா மாறறது மெதுவாகும். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பற வரைக்கும் அதை வெச்சுத்தான் தாக்குப் பிடிக்கணும். டாக்டர் அளந்து குடுப்பாரு. சீக்கிரம் கொண்டாங்க."

அரசு மதுக்கடை பன்னிரண்டு மணிக்குத்தான் திறக்கும். அதற்கு முன் திறந்தால் சூப்பர்வைசர் மேல் நடவடிக்கை எடுப்பதே என் வேலை. அன்று பதினொன்றுக்கு நானே நின்று பூட்டைத் திறக்கச் சொன்னேன். அவர் பயந்துபோய், "மேடம், பில் யார் பேருல போடறது?" என்று கேட்டார். என் பேரில் போடுங்கள் என்றேன். எந்தப் பாட்டிலின் விலைக்குப் பயந்து அவர்கள் பாறைப் பக்கம் போனார்களோ, அதே பாட்டில்களைப் பெட்டியோடு ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போனேன். குறிப்பாணையில் இரண்டாவது இணைப்பு அந்த பில்.

வார்டில் நான் கண்டதைச் சொல்வது கடினம். ஜன்னல்கள் எல்லாம் திறந்து கிடந்தன. நண்பகல் வெளிச்சம் கட்டில்களின் மேல் விழுந்தது. டாக்டர் டார்ச்சை ஒவ்வொருவர் கண்ணிலும் அடித்துக்கொண்டே போனார். அன்று காலை குடித்த இரண்டொருவரைத் தவிர யாரும் இமைக்கவில்லை. ஒரு சத்தம் கேட்டால் அத்தனை முகங்களும் ஒரே நேரத்தில் அந்தப் பக்கம் திரும்பும். நான் நடந்தால் என் செருப்புச் சத்தத்தோடு கூடவே திரும்பிக்கொண்டு வந்தன. வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். அப்புறம் யாரும் திரும்பவில்லை. அது அதைவிட மோசமாக இருந்தது.

பதினேழு பேரில் நான்கு பேர் இறந்தார்கள். கட்டிலில் போர்த்திப் படுத்திருந்த அந்தக் கிழவர் வழியிலேயே போய்விட்டார். ஏழுமலைக்கும் கோவிந்தனுக்கும் பார்வை திரும்பவில்லை. செல்வராஜ் பிழைத்தார். பார்வை ஓரளவு வந்தது, ஆனால் மறுபடி ஸ்டியரிங்கைத் தொடவில்லை. குடித்தவர்கள் யார் மேலும் வழக்கு வராமல் பார்த்துக்கொண்டேன். கோவிந்தனுக்கு வந்தது.

ஸ்பிரிட் கொண்டுவந்தவனைப் போலீஸ் பிடித்தது. ஒரு தோல் மெருகூட்டும் யூனிட்டின் பின்கட்டிலிருந்து திருடப்பட்ட மெத்தனால் அது. அந்த யூனிட்டுக்கு லைசென்ஸைப் புதுப்பிக்கக் கையெழுத்துப் போட்டவள் நான்தான். அன்று இருப்புப் பதிவேட்டைப் பார்த்தேன், டிரம்மைத் திறந்து பார்க்கவில்லை. பின்கட்டில் நாற்றம் அடித்ததால் போகவில்லை. அதை என் விளக்கத்தில் நானே எழுதினேன். யாரும் கண்டுகொள்ளவில்லை.

மறுநாள் காலை வார்டில் கோவிந்தனைப் பார்க்கப் போனேன். கையில் டிரிப் ஏறிக்கொண்டிருந்தது. கட்டில் அருகே ஒரு போலீஸ்காரர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"எத்தினி பேர் வந்தாங்க மேடம்?"

"பதினேழு பேரும் வந்துட்டாங்க கோவிந்தன்."

அவர் உதடுகள் அசைந்தன. எண்ணிக்கொண்டிருந்தார்.

"பதினெட்டு," என்றார்.

"நீங்க சொன்னது பதினேழுதான். டைரியில இருக்குது."

"நீங்க பேர் கேட்டீங்க மேடம். அவர் பேரு எனக்குத் தெரியாது. வெளியூர் ஆளு. முந்தாநாள் சாயந்திரம் ஒரு துணிப்பையோட வந்தாரு. ஒரு டம்ளர் வாங்கிக் குடிச்சாரு. நல்லா இருக்குதுன்னு சொன்னாரு. ராத்திரி பஸ் ஸ்டாப்புல படுத்துட்டு காலைல போறேன்னாரு."

நான் பேர் கேட்டேன். எத்தனை பேர் என்று கேட்கவில்லை. இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். நம் படிவங்கள் எல்லாம் பெயரைத்தான் கேட்கும். நெருக்கடியில் நம் வாயிலிருந்தும் படிவத்தின் கேள்விதான் வரும். முதலில் தலைகளை எண்ணுங்கள்.

அன்றே தேடத் தொடங்கினோம். எல்லைக்கு இந்தப் பக்கமும் ஆந்திரப் பக்கமும் இருந்த ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் போன் செய்தோம். அப்படி ஒருவர் எங்கும் வரவில்லை. நான்கு நாள் கழித்து, ஆந்திரா போகிற காலை பஸ்ஸின் கண்டக்டர் கிடைத்தார். அவருக்கு நினைவிருந்தது. "துணிப்பை வெச்சிருந்தாரு மேடம். ஏழு மணி வண்டி, நல்லா வெயில் வந்துடுச்சு. ஒவ்வொரு ஸ்டாப்புலயும் 'விடிஞ்சிடுச்சா, விடிஞ்சிடுச்சா'ன்னு கேட்டுக்கினே வந்தாரு. தூக்கக் கலக்கம்னு நினைச்சேன். மலைப்பாதைக்கு முன்னாடி ஊரே இல்லாத ஒரு இடத்துல இறங்கறேன்னு சொல்லி இறங்கிட்டாரு."

பதினெட்டாவதாக ஒருவர் இருந்தார், அவரைக் காணவில்லை என்று அறிக்கையில் எழுதினேன். ஆதாரம் இல்லை என்று மேலதிகாரி பென்சிலால் அடித்துத் திருப்பி அனுப்பினார். மறுபடி அதே வரியைச் சேர்த்து அனுப்பினேன், அதுவும் திரும்பி வந்தது. மூன்றாம் முறை அவர் திருப்பவில்லை. சேர்த்தாரா, எடுத்துவிட்டாரா என்று எனக்குத் தெரியாது.

அவர் இறங்கிய இடத்துக்குப் போய்ப் பார்த்தேன். ஒரு சிறு பாலம், இரண்டு பக்கமும் பாறை, முள்செடிகள். சுற்றிலும் தேடினோம். பையும் இல்லை, ஆளும் இல்லை, உடலும் இல்லை. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் மட்டும் இருந்தாள். கேட்டதும், ஆமாம், பார்த்தேன் என்றாள்.

"ரோட்டைத் தாண்டி விடச் சொன்னாரும்மா. கையைப் புடிச்சு இந்தாண்ட கொண்டாந்து விட்டேன். எந்தப் பக்கம் போவணும்னு கேட்டேன். வெளிச்சமா கீற பக்கம் திருப்பி விடு, போய்டறேன்னாரு."

"எந்தப் பக்கம் திருப்பி விட்டீங்க?"

அவள் என்னையே பார்த்தாள். "நான் இன்னா பண்றதும்மா? நல்ல வெயிலு. எல்லாப் பக்கமும் வெளிச்சமாத்தான் இருந்துது."